மெயில்ல வரோணுங்ண்ணா

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றின் ஆபீஸ் என்றால் பெரும்பாலும் இரண்டு மேசைதான். ஒன்றில் முதலாளி, இன்னொன்றில் கணக்குப்பிள்ளை. மூலையில் ஃபேக்ஸ் மெஷின். ஐரோப்பாவில் கடை திறக்கும்போது நமக்கு மத்தியானம் தாண்டிவிடும். அதன்பிறகு எல்லோர் காதும் அந்த மெஷின் மேல். சுருண்டு விழும் வழவழத் தாளைச் சூட்டோடு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும். விட்டால் எழுத்து மங்கிப்போகும். வெளிநாட்டுப் பையரோடு பேச ஏஜென்ட் இருந்தார். தையல் பகுதியை மாஸ்டர் பார்த்துக்கொண்டார். அவரும் ஒருகாலத்தில் ஓவர்லாக் மெஷினில் உட்கார்ந்தவர்தான்.

1995 ஆகஸ்ட் 15 அன்று வி.எஸ்.என்.எல். இணையத்தைப் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டது. கம்ப்யூட்டர் வந்தால் ஆபீசில் ஆள் குறையும் என்று பயந்தார்கள். இங்கே நடந்தது தலைகீழ். ஃபேக்ஸில் ஒன்று கேட்ட பையர் மெயிலில் பத்து கேட்டார். சாயம் பார்க்கும் லேப் டிப் எங்கே, அளவு பார்க்கும் சைஸ் செட் எப்போது, கழுத்தளவு ஏன் அரை சென்டி கூடியது? பதில் சொல்லவே ஆள் போட வேண்டியிருந்தது. அப்படிப் பெருகியதுதான் மெர்ச்சண்டைசர் வேலை. அவருக்கு மேல் சீனியர், அதற்கும் மேல் மேனேஜர் என்று ஏ.சி. அறைக்குள் மேசைகள் நீண்டன.

அறைக்கு வெளியே? டெய்லர் கையிலும் இன்று ஸ்மார்ட்போன் இருக்கிறது. ஒடிசாக்காரப் பெண் இடைவேளையில் வீட்டுக்கு வீடியோ கால் போடுகிறாள். ஆனால் பீஸ் ரேட்டை போன் ஏற்றிவிடவில்லை. நல்ல மெர்ச்சண்டைசர் மெயிலிலேயே அடுத்த கம்பெனியோடு பேசிச் சம்பளத்தை ஏற்றிக்கொள்கிறார். டெய்லரின் கூலி இன்னும் முதலாளிகள் சங்கமும் தொழிற்சங்கங்களும் சில வருடங்களுக்கு ஒருமுறை பேசி முடிக்கும் ஒப்பந்தத்தில்தான் நிற்கிறது. கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர்டேபிள் யூனிட்களில் அதுவும் முழுசாகக் கிடைப்பதில்லை.

எனக்கு உறுத்துவது கூலி மட்டும் இல்லை. விவசாயக் குடும்பத்திலிருந்து வந்து மெஷினில் உட்கார்ந்தவர்கள் முதலாளிகளான திருப்பூர்க் கதையை ஆய்வாளர் ஷரத் சாரி 2004-ல் புத்தகமாகவே எழுதினார். மெஷினிலிருந்து முதலாளி வரை போன அந்த ஏணியின் நடுப்படி மாஸ்டர் வேலை. இன்று அதற்கு மேலே ஏற இங்கிலீஷ் மெயில் எழுதத் தெரிய வேண்டும்.

போன மாதம் ஒரு கம்பெனியில் பார்த்தேன். வெளுத்த தலை மாஸ்டர் ஒருவர் துணியை விரலால் நீவியபடியே சொன்னார்: “ரிப் லூசா இருக்குது தம்பி, கழுத்து தொங்கிப்போகும். காலையிலயே சொன்னனே.”

இருபத்துநாலு வயசு மெர்ச்சண்டைசர் பையன் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “சரிதானுங்ண்ணா. ஆனா மெயில்ல வரோணுங்ண்ணா.”