பிட்காயின் வரைபடத்தில் திண்டிவனம் எங்கே? நோடுகளை எண்ணுவது எப்படி?

திண்டிவனத்தில் வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் ஒரு மென்பொருள் பொறியாளர், தன் கணினியில் பிட்காயின் மென்பொருளை ஓடவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 600 ஜிபிக்கும் மேலான கணக்குப் பேரேடு முழுவதும் அவருடைய ஹார்ட் டிஸ்க்கில் இறங்கிவிட்டது. ஆசையாக, உலக நோடு வரைபடத்தைத் திறந்து பார்க்கிறார். திண்டிவனத்தில் ஒரு புள்ளிகூட இல்லை. ஏன்?

நோடு என்றால் என்ன?

2009 ஜனவரியில் தொடங்கிய பிட்காயினுக்கு மெயின் சர்வர் என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு பரிவர்த்தனையும் விதிப்படி இருக்கிறதா என்று சரிபார்த்து, பக்கத்து கணினிகளுக்குக் கடத்தும் கணினிதான் நோடு. நோடு வைத்திருப்பவர் வேறு, மைனிங் செய்பவர் வேறு, ஆப்பில் காயின் வாங்குபவர் வேறு. லட்சம் பேர் ஆப்பில் வாங்கினாலும், அதனால் ஒரு நோடுகூட கூடாது.

எப்படி எண்ணுகிறார்கள்?

நோடுகளுக்குப் பதிவேடு இல்லை. அதனால் வரன் தேடுவது மாதிரி விசாரித்துத்தான் போக வேண்டும். ஒருத்தரைக் கேட்டால் நாலு பேரைக் கைகாட்டுவார், அந்த நாலு பேரும் இன்னும் நாலு பேரைச் சொல்வார்கள். 'பிட்நோட்ஸ்' திட்டம் செய்வது இதைத்தான். "உனக்குத் தெரிந்த முகவரிகளைக் கொடு" என்று கேட்டால், ஒரு நோடு ஒரே செய்தியில் 1,000 முகவரிகள் வரை அனுப்பும். அவற்றில் பல பழையவை. ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, பதில் தருபவற்றை மட்டும் எண்ணுகிறார்கள். சமீப ஆண்டுகளில் இப்படிக் கிடைத்த எண்ணிக்கை சுமார் 15,000-லிருந்து 20,000-க்கு மேல் வரை.

தட்டினால் திறக்காத கதவுகள்

நம் திண்டிவனம் கணினி இந்தக் கணக்கில் வராததற்குக் காரணம் இணைய இணைப்புதான். ஐபிவி4 முகவரிகள் பற்றாக்குறையால், பல நிறுவனங்கள் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பகிர்ந்து தருகின்றன. உள்ளே இருந்து வெளியே போகலாம். வெளியே இருந்து யாரும் நேராக உள்ளே வர முடியாது. ஆக, அந்தக் கணினி தானாகவே சுமார் 10 நோடுகளோடு தொடர்பு வைத்து ஒழுங்காக வேலை செய்யும். ஆனால் எண்ண வருபவர் கண்ணில் படாது.

மீன் கணக்கும் அதன் ஓட்டையும்

வீடூர் அணையில் எத்தனை மீன் இருக்கிறது? 100 மீனைப் பிடித்து அடையாளமிட்டு விடுங்கள். சில நாள் கழித்து மறுபடி 100 பிடியுங்கள். அதில் 10 மீனில் அடையாளம் இருந்தால், மொத்தம் சுமார் 1,000. இரண்டு தனித்தனி தேடல்களில் கிடைத்த நோடுகளை ஒப்பிட்டும் இப்படிக் கணக்குப் போடலாம். ஆனால் வலைப்பக்கமே வராத மீனை இந்தக் கணக்கு பிடிக்காது. அதற்கு வேறு வழி: தானே நோடுகளை நடத்தி, யார் யார் வந்து இணைகிறார்கள் என்று காத்திருந்து பார்ப்பது. மறைந்திருக்கும் நோடுகள் கண்ணுக்குத் தெரிபவற்றைவிட அதிகம் என்றே இத்தகைய மதிப்பீடுகள் சொல்கின்றன.

எந்த ஊர்?

ஐபி முகவரியில் ஊர்ப் பெயர் எழுதியிருக்காது. தரவுத்தளங்கள் ஊகிக்கத்தான் செய்கின்றன. விழுப்புரத்து இணைப்பைச் சென்னை என்று காட்டலாம், வேறு மாநிலம் என்றுகூட காட்டலாம். அதனால் 40 கி.மீ. இடைவெளியில் உள்ள விழுப்புரத்தையும் திண்டிவனத்தையும் பிரித்துச் சொல்லும் வரைபடத்தை நம்பவே வேண்டாம். இது போதாதென்று, தெரியும் நோடுகளில் பாதிக்கும் மேல் இடத்தை மறைக்கும் 'டார்' வலையமைப்பில் இருக்கின்றன. ஐபிவி4, ஐபிவி6, டார் என மூன்று முகவரி வைத்திருக்கும் ஒரே கணினி மூன்றாகவும் எண்ணப்படலாம்.

இதனால் நமக்கென்ன?

நோடுகள் உண்மையிலேயே பரவியிருக்கின்றனவா என்பதுதான் கேள்வி. 2022 நவம்பரில் ஜெர்மனியின் ஹெட்ஸ்னர் நிறுவனம், தன் சர்வர்களில் ஓடிய சோலானா நோடுகளை முடக்கியது. ஒரே நிறுவனத்தின் முடிவால் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நோடுகள் ஒரே நேரத்தில் போயின. சோலானா நிற்கவில்லை, ஆனால் பாடம் கிடைத்தது. வரைபடத்தில் எத்தனை புள்ளி என்பதைவிட, அவை எத்தனை நிறுவனங்களின் கையில் இருக்கின்றன என்பது முக்கியம்.

"எங்க காயினுக்கு 100 நாட்டுல நோடு இருக்கு" என்று யாராவது வாட்ஸ்அப்பில் சொன்னால், மூன்று கேள்வி கேளுங்கள். எண்ணியது யார்? வெளியாள் அதே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்க்க முடியுமா? அந்த நோடுகள் யாருடைய சர்வரில் ஓடுகின்றன? பதில் வரவில்லை என்றால் பணத்தைப் பையிலேயே வையுங்கள். பதில் சரியாக வந்தாலும், அது வலையமைப்பின் பலத்தைத்தான் சொல்லும். காயினின் விலை ஏறும் என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.