வினைல் ஸ்டிக்கர் அச்சிடுதல்: குறைந்த முதலில் தொடங்கும் முறை

மும்பை மாநகரின் கிழக்குப் பகுதியிலுள்ள செம்பூரில், ஆட்டோ ரிக்ஷாவின் பின்புறக் கண்ணாடி முதல் பள்ளி ஆய்வுக்கூடத்துச் சீசா வரை பலவற்றிலும் வினைல் ஸ்டிக்கர்களைக் காணலாம். முன்னாளில் இவை பெரும்பாலும் திரை அச்சு முறையில் தயாராயின. அம்முறையில் ஒவ்வொரு நிறத்திற்கும் தனித் திரை வேண்டும். ஆகையால் நூற்றுக்கணக்கில் அச்சிட்டாலன்றிக் கட்டுபடியாவதில்லை. கணிப்பொறியிலிருந்து நேரே அச்சிடும் டிஜிட்டல் முறைக்குத் திரையோ அச்சுத்தகடோ வேண்டுவதில்லை. பத்து ஸ்டிக்கர்களே தேவையாயினும் அச்சிட்டுக் கொள்ளலாம். எனவே பள்ளித் தொழிற்பயிற்சிக்கும் வீட்டிலிருந்தே நடத்தும் சிறு தொழிலுக்கும் இது ஏற்றது.

எனினும் புதிதாகத் தொடங்குவோரின் ஸ்டிக்கர்களில் பல ஒரு மழைக்காலத்தைக் கூடத் தாங்குவதில்லை. மும்பையில் ஆண்டுக்கு 2,000 மி.மீ.க்கு மேல் மழை பெய்கிறது. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான நான்கு மாதங்களில் கொட்டிவிடுகிறது. அக்காலத்தில் நிறம் கரைந்தோடுவதற்கும் ஓரங்கள் எழும்புவதற்கும் இயந்திரத்தின் மலிவே காரணமென்று பலர் கருதுகின்றனர். உண்மையில் படலம், பசை, மை, ஒட்டப்படும் பரப்பு ஆகிய நான்கும் ஒன்றுக்கொன்று பொருந்தாமையே பெரும்பாலும் இதற்குக் காரணமாகும்.

வினைல் என்பது யாது?

வினைல் எனக் கடைகளில் வழங்கும் பொருள் பாலி வினைல் குளோரைடு, அதாவது பி.வி.சி., என்னும் பிளாஸ்டிக்காகும். இயல்பில் இது விறைப்பானது. மென்மையூட்டும் ரசாயனப் பொருள்களைச் சேர்த்து இதை வளையச் செய்யும் வழியை 1926-ல் அமெரிக்காவில் வால்டோ செமன் கண்டறிந்தார். செம்பூரை அடுத்த அனிக் பகுதியில் காலிகோ நிறுவனத்தின் ரசாயனப் பிரிவு முன்னாளில் இப்பொருளைத் தயாரித்து வந்தது. தமிழ்நாட்டில், மேட்டூரில் 1967-ல் இதன் உற்பத்தி தொடங்கியது.

ஸ்டிக்கருக்குரிய தாள் மூன்று அடுக்குகளால் ஆனது. மேலே வினைல் படலமும், அதன் அடியில் அழுத்தினால் ஒட்டும் பசையும், அதற்கும் கீழே சிலிக்கோன் பூசிய பின்தாளும் உள்ளன. படலத்தில் இரு வகை உண்டு. உருளைகளுக்கிடையே அழுத்தி இழுத்துச் செய்யப்படும் படலம் மலிவானது. அதன் தடிமன் பொதுவாக 80 முதல் 100 மைக்ரான் வரை இருக்கும். இழுக்கப்பட்ட விசை அதனுள் தங்கியிருப்பதால், வெயிலில் நாளடைவில் சுருங்கி ஓரங்களில் பசையை வெளிக்காட்டும். திரவமாக வார்த்து உலர்த்தப்படும் படலத்தில் இந்த விசை தங்குவதில்லை, அது சுமார் 50 மைக்ரான் தடிமனே உடையதாயினும் வளைந்த பரப்புகளிலும் நன்கு படிந்து நிற்கும், விலை அதிகம். தட்டையான பரப்பில் சில மாதங்கள் இருக்க வேண்டிய ஸ்டிக்கருக்கு முதல் வகையே போதுமானது.

மையின் இயல்பு

அலுவலகங்களில் உள்ள இங்க்ஜெட் அச்சுப்பொறி நீரில் கலந்த மையைத் துளிகளாகத் தெளிக்கிறது. சாதாரண வினைல் நீரை உறிஞ்சாதாகையால் அந்த மை அதன்மேல் வழிந்துவிடும். ஆகவே மையை ஏற்கும் பூச்சுடைய, இங்க்ஜெட்டுக்கென்றே விற்கப்படும் வினைல் தாளை வாங்குதல் அவசியம்.

மையிலும் இரு வகை உண்டு. சாய மை நீரில் கரைந்திருப்பது. ஈரத்தில் கசியும், வெயிலில் விரைவில் வெளிறும். நிறமி மை, கரையாத நுண்துகள்களைக் கொண்டிருப்பதால் அதிக நாள் நிலைக்கும். மைத்தொட்டி உள்ள சிறு அச்சுப்பொறிகள் பலவற்றில் நிற மைகள் சாய வகையைச் சேர்ந்தவை என்பது வாங்குமுன் கவனிக்கத்தக்கது. எவ்வகை மையாயினும் நன்கு உலர்ந்தபின் ஒளிபுகும் லாமினேஷன் படலத்தை மேலே ஒட்டினால் ஆயுள் நீடிக்கும்.

தொழில் வளர்ந்தபின் வாங்கப்படும் பெரிய இயந்திரங்களில் உள்ள கரைப்பான் மை, பூச்சில்லாத வினைலின் மேற்பரப்பைச் சற்றே இளக்கி அதில் பற்றிக்கொள்கிறது. அதன் ஆவி முற்றும் வெளியேற ஒரு நாள் விட்ட பிறகே லாமினேஷன் செய்ய வேண்டும்; அறையில் காற்றோட்டமும் தேவை. இங்க்ஜெட் தாளை லேசர் அச்சுப்பொறியில் செலுத்தலாகாது. அதன் சூடான உருளையில் வினைல் உருகி ஒட்டிப் பொறியையே பழுதாக்கிவிடும்.

தாளின் சிக்கனம்

இத்தொழிலில் தாளின் செலவு சிறிதன்று. ஆகவே அளவைத் திட்டமிடுதல் ஆதாயம் தரும். ஏ4 தாள் 210 மி.மீ. அகலமும் 297 மி.மீ. நீளமும் உடையது. சுற்றிலும் 5 மி.மீ. ஓரம் விட்டு, ஸ்டிக்கர்களுக்கிடையே 5 மி.மீ. இடைவெளி வைத்தால், 50 மி.மீ. சதுர ஸ்டிக்கர்கள் 15 மட்டுமே அமையும். பக்கத்தை 45 மி.மீ. ஆகக் குறைத்தால் 20 அமையும். ஐந்தே மி.மீ. குறைத்ததால், அதே தாளில் மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகக் கிடைக்கிறது. படம் தெளிவாக விழ, அங்குலத்திற்கு 300 புள்ளிகள் என்ற கணக்கில், 45 மி.மீ. பக்கத்திற்குச் சுமார் 530 புள்ளிகள் இருத்தல் வேண்டும்.

வெட்டுதலும் ஒட்டுதலும்

தொடக்கத்தில் கூரிய கத்தியும் இரும்பு அளவுகோலும் போதும். பின்தாள் அறுபடாமல் மேற்படலம் மட்டும் வெட்டுப்படும்படி அழுத்தத்தைப் பழகிக்கொள்ள வேண்டும். கூர் மூலைகள் எளிதில் எழும்புமாதலால் மூலைகளை வட்டமாக்குவது நன்று. ஒட்டுமிடத்தில் எண்ணெயும் தூசியும் இல்லாதவாறு துடைத்து, ஈரம் நீங்கியபின், நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்து ஒட்ட வேண்டும். ஒரு நாள் வரை நீர் படாமல் காத்தால் பசை நன்கு பிடிக்கும். கண்ணாடி, எஃகு ஆகியவற்றில் உறுதியாக ஒட்டும் பசை பாலித்தீன் வாளியில் அவ்வாறு பிடிப்பதில்லை என்பதையும் நினைவிற் கொள்க.

கழிவும் எச்சரிக்கையும்

தூய பி.வி.சி.யின் எடையில் சுமார் 57 சதவீதம் குளோரினாகும். சூடேறிக் கருகும்போது இது ஹைட்ரஜன் குளோரைடு வாயுவை வெளியிடுகிறது. அவ்வாயு கண்களையும் நுரையீரலையும் தாக்குவதோடு உலோகங்களையும் அரிக்கும். ஆகையால் வினைலை லேசர் கருவியால் வெட்டுதல் கூடாது. கத்தி பொருத்திய வெட்டும் இயந்திரமே தக்கது. வெட்டுத் துண்டுகளைக் குப்பையோடு கொளுத்துவதும் தீங்கானது.

இத்துண்டுகளைப் பழைய பிளாஸ்டிக் வாங்குவோரிடம் மற்றவற்றோடு கலந்து கொடுப்பதும் தவறு. தாராவியில் உள்ளவை போன்ற மறுசுழற்சிக் கூடங்களில், குடிநீர்ப் புட்டிப் பிளாஸ்டிக்கோடு சிறிதளவு பி.வி.சி. கலந்தாலும், புட்டிப் பிளாஸ்டிக் உருகும் வெப்பத்தில் பி.வி.சி. சிதைந்து முழுச் சரக்கையும் கெடுத்துவிடும். அங்கே வேலை செய்வோர் அவ்வாயுவைச் சுவாசிக்கவும் நேரும். எனவே கழிவைத் தனிப்பையில் சேர்த்து, பெயரெழுதி ஒப்படைக்க வேண்டும். 100 மைக்ரானுக்குக் குறைந்த தடிமனுள்ள பி.வி.சி. பதாகைகளை மத்திய அரசின் விதிகள் 2022 ஜூலை 1 முதல் தடை செய்துள்ளன. ஸ்டிக்கர் அச்சிடுவோர் மெல்லிய வினைலில் பதாகை செய்து தர உடன்படலாகாது.

எளிய பரிசோதனை

விற்பனைக்குமுன் ஒரு பரிசோதனை செய்தல் நலம். ஒரே தாளில் அச்சிட்ட நான்கு ஸ்டிக்கர்களைக் கண்ணாடி, எஃகு, வர்ணம் பூசிய தகரம், பாலித்தீன் ஆகியவற்றில் ஒட்டுக. ஒவ்வொன்றிலும் பாதியைக் கெட்டியான அட்டையால் மூடி வெயிலில் வைத்து, தினமும் ஒரு முறை நீர் தெளித்து, முப்பது நாள் கழித்து ஒப்பிட்டுப் பார்க்க. மூடிய பாதியும் திறந்த பாதியும் நிறத்தில் வேறுபட்டால் மையிலோ லாமினேஷனிலோ குறை; ஓரங்கள் நான்கிலும் எழும்பினால் படலத்திலோ பசையிலோ குறை; ஒன்றில் மட்டும் எழும்பினால் அப்பரப்புக்கு அந்தப் பசை ஏற்றதன்று. மாணவர்கள் இம்முடிவுகளை அட்டவணையாக எழுதி வைத்தால், அடுத்த முறை எந்தத் தாளை வாங்குவது என்பதைக் கடைக்காரரின் சொல்லைக் கொண்டல்லாமல் தம் சோதனையைக் கொண்டே தீர்மானிக்க இயலும்.