ஒரே கோப்பு – 9: தலையில் ஒருவர், வாலில் ஒருவர்

ஸ்கிரிப்ட் மொழியில் எழுதிய செயலியை அதை இயக்கும் இன்டர்பிரட்டரோடு சேர்த்தே பயனரிடம் கொடுக்க வேண்டியதன் காரணங்கள் சென்ற வாரம் சொல்லப்பட்டன. தொடரைப் படித்துவருவோருக்கு அதற்குமேல் நினைவூட்டல் தேவைப்படாது. இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டிருந்த பொருள் ஐகான் வரைதல். சுவரை வைத்துத்தான் சித்திரம் எழுத முடியும் என்பதால், ஐகான் எந்தச் சுவரில் எழுதப்படுகிறது, அந்தச் சுவருக்குள் வேறு யார் குடியிருக்கிறார்கள் என்பவற்றை முதலில் பார்த்துவிடுவது முறையாகும்.

பைத்தான், லுவா, டிசிஎல் போன்ற மொழிகளில் எழுதப்படும் மேசைக் கணினிச் செயலி, எழுதியவரின் கணினியில் ஒரு கோப்புறை நிறைய இருக்கும் பல பொருள்களின் கூட்டமே ஆகும்: நிரல் கோப்புகள், படங்கள், எழுத்துருக்கள், இன்டர்பிரட்டர், அது நம்பியிருக்கும் நூலகங்கள், அதாவது பல நிரல்களும் பொதுவாக எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்தத் தொகுப்புகள். பயனர் எதிர்பார்ப்பதோ இருமுறை சொடுக்கினால் திறந்துகொள்ளும் ஒன்றே ஒன்றை. விண்டோஸ் நேராக எடுத்து இயக்கும் கோப்பு இஎக்ஸ்இ. பல கோப்புகளை ஒன்றாகக் கட்டிவைக்கும் கோப்பு ஜிப். ஓர் உறைக்குள் இரண்டு வாள் இருக்காது என்பது வழக்கு. எனினும் இந்த இரண்டும் ஒரே கோப்புக்குள், ஒன்றின் இடத்தை மற்றது பறிக்காமல் வாழ முடியும் என்பதும், அதற்குக் காரணம் ஒன்று தலையிலிருந்தும் மற்றது வாலிலிருந்தும் படிக்கப்படுவதே என்பதும் இத்துறையின் மிக அழகிய உண்மைகளுள் ஒன்று.

முதலில் தலை. எந்த விண்டோஸ் இஎக்ஸ்இ கோப்பையும் பைட் பைட்டாகக் காட்டும் கருவியில் திறந்தால், முதல் இரண்டு பைட்டுகள் 77, 90 என்ற எண்களாக இருக்கும். அவை எம், இசட் என்னும் ஆங்கில எழுத்துகளைக் குறிக்கின்றன. மைக்ரோசாப்டில் டாஸ் இயங்குதளத்துக்காக இந்தக் கோப்பு வடிவத்தை அமைத்த மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயர் முதலெழுத்துகள் அவை. அந்த இரண்டு எழுத்துகளைக் கண்ட இயங்குதளம், பூச்சியத்திலிருந்து எண்ணி 60-ஆம் இடத்தில் உள்ள நான்கு பைட்டுகளுக்குச் செல்கிறது. டாஸுக்குப் பின் விண்டோஸுக்காக வந்த புதிய வடிவத்தின் உண்மையான தலைப்புப் பகுதி கோப்பில் எங்கே தொடங்குகிறது என்ற முகவரி அங்கே எழுதப்பட்டிருக்கும். இடையில் கிடப்பது, பழைய டாஸில் யாரேனும் இதை இயக்க முயன்றால் இது அங்கே ஓடாது என்று ஒரு வரி அச்சிட்டு விடைபெறும் சிறு நிரல். தலைப்புப் பகுதியில் ஓர் அட்டவணை உண்டு. நிரலின் கட்டளைகள் எங்கிருந்து எங்குவரை, தரவுகள் எங்கிருந்து எங்குவரை எனக் கோப்பின் ஒவ்வொரு பிரிவுக்கும் எல்லை வகுத்துச் சொல்வது அது. அந்த அட்டவணையில் இடம்பெறாத பைட்டுகளை விண்டோஸ் நினைவகத்துக்குள் ஏற்றுவதில்லை. ஆகவே கடைசிப் பிரிவு முடிந்த இடத்துக்குப் பின்னால் எதை ஒட்டிவைத்தாலும் இஎக்ஸ்இ வழக்கம்போல் ஓடும். இவ்வாறு பின்னால் ஒட்டப்படும் பகுதிக்கு ஓவர்லே என்று பெயர்.

இனி வால். ஜிப் கோப்புக்கும் முன்பக்கத்தில் ஓர் அடையாளம் உண்டு. வேர்டில் எழுதிய டாக்எக்ஸ் கோப்பும், இபப் மின்னூலும், ஆண்ட்ராய்டின் ஏபிகே கோப்பும் உள்ளுக்குள் ஜிப் கோப்புகளே என்பதால், அவற்றின் தலையிலும் 80, 75, அதாவது பி, கே என்ற எழுத்துகளைக் காணலாம். இவை பில் காட்ஸின் பெயர் முதலெழுத்துகள். ஆனால் ஜிப் கோப்பைத் திறக்கும் கருவி முன்பக்கத்தை நம்புவதில்லை. உள்ளே என்னென்ன கோப்புகள், ஒவ்வொன்றும் எங்கே தொடங்குகிறது என்ற பொருளடக்கத்தை ஜிப் வடிவம் கடைசியில் வைக்கிறது. அந்தப் பொருளடக்கம் எங்கே இருக்கிறது என்பதைச் சொல்லும் 22 பைட் நீளமுள்ள முடிவுக் குறிப்பு அதற்கும் பின்னால், கோப்பின் கடைசியில் இருக்கிறது. இந்தக் குறிப்பின் முதல் நான்கு பைட்டுகள் 80, 75, 5, 6. இதன் வாலில் 65,535 பைட் வரை ஒரு கருத்துரையைச் சேர்க்க வடிவம் இடம் தருவதால், திறக்கும் கருவி கோப்பின் முடிவிலிருந்து பின்னோக்கி நடந்து அந்த நான்கு பைட்டுகளைத் தேடுகிறது.

பொருளடக்கத்தை நூலின் முன்னால் வைப்பதே எவருக்கும் தோன்றும் முறை என்ற நிலையில், அதைப் பின்னால் வைத்ததன் நன்மை எளியது. சுருக்கி முடித்த பிறகுதான் ஒவ்வொரு கோப்பின் அளவும் தெரியவரும் என்பதால், எல்லாம் எழுதி முடிந்த பின் பட்டியல் எழுதுவது வசதி. பிறகொரு நாள் புதிய கோப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டுமானால், ஏற்கெனவே உள்ளவற்றை நகர்த்தாமல் பழைய பட்டியல் இருந்த இடத்தில் புதிய கோப்பை எழுதி, அதன்பின் புதிய பட்டியலை வைத்தால் போதும். இந்தச் சிக்கன ஏற்பாட்டின் உடன்விளைவாகக் கிடைத்ததே ஸ்கிரிப்ட் மொழிகளின் பெரும்பேறு: ஜிப்பின் முன்னால் என்ன இருந்தாலும் ஜிப்புக்குக் கவலையில்லை, இஎக்ஸ்இயின் பின்னால் என்ன இருந்தாலும் இஎக்ஸ்இக்குக் கவலையில்லை.

இதன் மிகத் தெளிவான செயல்விளக்கத்தை லுவா மொழியில் விளையாட்டுகள் எழுத உதவும் லவ் என்னும் இயந்திரத்தில் காணலாம். விளையாட்டின் நிரல்களையும் படங்களையும் ஒரு ஜிப்பாகக் கட்ட வேண்டும். விண்டோஸின் காப்பி கட்டளையிடம் பைட்டுகளை மாற்றாமல் ஒட்டும்படி கூறி, லவ் இயந்திரத்தின் இஎக்ஸ்இயை முன்னும் அந்த ஜிப்பைப் பின்னும் கொடுக்க வேண்டும். ஒரே வரியில் வேலை முடிகிறது. பிறக்கும் கோப்பை இயக்கினால், விண்டோஸ் தலையைப் படித்து இயந்திரத்தை ஓட்டுகிறது. ஓடத் தொடங்கிய இயந்திரம் தன் கோப்பையே திறந்து வாலைப் படித்து விளையாட்டை எடுத்துக்கொள்கிறது. இதில் ஒரு கணக்குச் சிக்கல் உண்டு. ஜிப்பின் பொருளடக்கத்தில் உள்ள முகவரிகள் ஜிப் தனியாக இருந்தபோது எழுதப்பட்டவை. முன்னால் ஓர் இஎக்ஸ்இ வந்து அமர்ந்ததும் எல்லா முகவரிகளும் அதன் நீளத்துக்குத் தவறிவிடுகின்றன. பைத்தானின் ஜிப் நூலகம் போன்றவை, பொருளடக்கம் இருக்க வேண்டிய இடத்துக்கும் உண்மையில் இருக்கும் இடத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, அதை ஒவ்வொரு முகவரியோடும் கூட்டிக்கொள்கின்றன. ஒரு கூட்டல் கணக்கின் பலத்தில் முழு ஏற்பாடும் நிற்கிறது.

கோப்பின் இரு முனைகளிலும் பெயர் பொறிக்கப்பட்ட இருவரைப் பற்றியும் சிறிது சொல்வது தகும். அமெரிக்காவின் மில்வாக்கி நகரைச் சேர்ந்த காட்ஸ், அதற்கு முன் புழக்கத்திலிருந்த ஆர்க் என்னும் சுருக்கக் கோப்பு வடிவம் தொடர்பாக அதன் உரிமையாளர்கள் தொடுத்த வழக்கைச் சந்தித்தவர். அந்த வழக்கு 1988-இல் முடிவுக்கு வந்தபின் 1989-இல் பிகேஜிப் மென்பொருளை வெளியிட்டபோது, தம் புதிய வடிவத்தின் முழு விவரத்தையும் யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் எனத் திறந்துவைத்தார். வேர்டு கோப்பிலும் மின்னூலிலும் இன்று அவர் முதலெழுத்துகள் இருப்பதற்கு அந்தத் திறந்த மனமே காரணம். 2000-இல், 37 வயதில் அவர் இறந்தார். 1981-இல் மைக்ரோசாப்டில் சேர்ந்த ஸ்பிகோவ்ஸ்கி அங்கே கால் நூற்றாண்டு பணியாற்றினார். இருவரும் சேர்ந்து இப்படியொரு கோப்பைத் திட்டமிட்டவர்கள் அல்லர். தனித்தனியே எடுத்த இரண்டு முடிவுகள் எதிரெதிர் முனைகளில் அமைந்துவிட்டன.

மூன்றாவதாக ஒருவரும் உண்டு. பைத்தான் செயலிகளை ஒற்றைக் கோப்பாக்கப் பரவலாகப் பயன்படும் பைஇன்ஸ்டாலர், கார்டன் மெக்மிலன் முன்பு எழுதிய இன்ஸ்டாலர் என்னும் கருவியின் வழிவந்தது. அது இஎக்ஸ்இயின் பின்னால் ஜிப்புக்குப் பதில் தனக்கே உரிய பொதி வடிவத்தை ஒட்டுகிறது. அந்தப் பொதியின் வாலில் உள்ள அடையாளத்தின் முதல் மூன்று எழுத்துகளான எம்இஐ, மெக்மிலன் என்டர்பிரைசஸ் என்ற அவருடைய நிறுவனத்தின் பெயர்ச்சுருக்கம். ஒற்றைக் கோப்பாகக் கட்டிய செயலி ஓடும்போது விண்டோஸின் தற்காலிகக் கோப்புறையைத் திறந்து பார்த்தால், எம்இஐ என்ற எழுத்துகளும் சில எண்களும் கொண்ட பெயரில் ஒரு கோப்புறை முளைத்திருப்பதைக் காணலாம். பொதியிலிருந்த அனைத்தும் அங்கேதான் விரிக்கப்படுகின்றன. செயலி முறையாக மூடப்பட்டால் அது மறையும். வலுக்கட்டாயமாக நிறுத்தப்பட்டால் அங்கேயே கிடக்கும்.

இந்த நுட்பத்தை மொழிகளே தமதாக்கிக்கொண்டதும் உண்டு. பைத்தான் 2003-இல் வந்த 2.3 பதிப்பிலேயே ஜிப்புக்குள் இருக்கும் நூலகத்தை நேரடியாகப் படிக்கத் தொடங்கியது; 2008-இன் 2.6 பதிப்பில் முழு ஜிப்பையுமே ஒரு நிரல்போல ஓட்டியது. டிசிஎல் மொழிக்காரர்கள் 2002 வாக்கிலேயே ஸ்டார்கிட், ஸ்டார்பேக் என்ற பெயர்களில் ஒற்றைக் கோப்புச் செயலிகளைக் கொடுத்துவந்தார்கள். 2024-இல் வெளிவந்த டிசிஎல் 9.0, இஎக்ஸ்இயோடு ஒட்டிய ஜிப்பைத் தன் கோப்புறைபோலவே படிக்கும் வசதியை உள்ளமைப்பாகப் பெற்றது.

இப்போது ஐகானுக்கு வரலாம். விண்டோஸில் ஒரு செயலியின் ஐகான் இஎக்ஸ்இக்கு வெளியே தனிக் கோப்பாக இருப்பதில்லை. தலைப்பு அட்டவணை எல்லை வகுத்துச் சொல்லும் பிரிவுகளுள் ஒன்றான வளப் பிரிவுக்குள், அதாவது படங்கள், பதிப்பு விவரங்கள் முதலியவற்றைச் சேமிக்கும் பகுதிக்குள் இருக்கிறது. ஐகான் தலையைச் சேர்ந்தது, நிரல் பொதி வாலைச் சேர்ந்தது என்பதே இதன் பொருள். ஆகவே இன்டர்பிரட்டரின் இஎக்ஸ்இயை அப்படியே எடுத்துப் பொதியை ஒட்டினால், பிறக்கும் செயலி யாருடையதாக இருந்தாலும் முகம் மட்டும் இன்டர்பிரட்டருடையதாகவே இருக்கும். அந்த முகத்தை மாற்ற நினைப்பவர் பலரும் செய்யும் பிழை, பொதியை ஒட்டி முடித்த கோப்பின்மீது ஐகான் மாற்றும் கருவியை ஏவுவது. அத்தகைய கருவி வளப் பிரிவின் நீளம் மாறுவதால் கோப்பைப் புதிதாக எழுதுகிறது. எழுதும்போது தலைப்பு அட்டவணை அறிந்த பிரிவுகளை மட்டும் எழுதிவிட்டு, அட்டவணை அறியாத ஓவர்லேயைக் கைவிடுகிறது. ஐகான் அழகாக மாறியிருக்கும், செயலி காணாமற்போயிருக்கும். இதை அறிந்தே பைஇன்ஸ்டாலர் முதலில் ஐகானையும் பதிப்பு விவரத்தையும் எழுதி, அதன் பின்னரே பொதியை ஒட்டுகிறது.

முகம் மாறிய பின்னும் ஒரு மிச்சம் இருக்கக்கூடும். பைத்தானின் டிகே நூலகத்தால் சாளரம் திறக்கும் செயலிகளில், கோப்பின் ஐகான் மாறியிருந்தாலும் சாளரத்தின் மேல்பட்டையில் டிகேயின் இறகுச் சின்னம் அப்படியே நிற்பதைப் பார்க்கலாம். கோப்பின் ஐகானும் சாளரத்தின் ஐகானும் வெவ்வேறு என்பதும், இரண்டாவதை நிரலே ஓடும்போது அமைக்க வேண்டும் என்பதும், அதற்கான படத்தை மேற்சொன்ன எம்இஐ கோப்புறையில் தேட வேண்டும் என்பதும் இதற்கு விளக்கம்.

வரிசையில் கடைசியாக வருவது கையொப்பம். வெளியிட்டவர் இன்னார், வழியில் யாரும் திருத்தவில்லை என்பதற்குச் சான்றாக இஎக்ஸ்இயின் முடிவில் சேர்க்கப்படும் இலக்கமுறை முத்திரை இது. ஒட்டப்பட்ட பொதியையும் உள்ளடக்கியே இது கணக்கிடப்படுகிறது. முத்திரையிட்ட பின் பொதியை ஒட்டினால் முத்திரை செல்லாததாகும். முத்திரை வாலுக்கும் பின்னால் அமர்வதால், பொதியின் அடையாளம் கோப்பின் இறுதிப் பைட்டுகளில் இருக்கும் என்று நம்ப முடியாது. பின்னோக்கித் தேடும் பழக்கம் இங்கேதான் கைகொடுக்கிறது.

பிற இயங்குதளங்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால், மேக்கில் செயலி என்பது ஒரே பொருள்போல் தோன்றும் கோப்புறை. ஐகான் அதற்குள் தனிக் கோப்பாக இருப்பதால் இந்த இடப்போட்டியே எழுவதில்லை. லினக்ஸின் ஆப்இமேஜ், முன்னால் ஓர் இயக்கக் கோப்பும் பின்னால் சுருக்கப்பட்ட ஒரு கோப்பு முறைமையுமாக, அதே தலை–வால் வழியைப் பின்பற்றுகிறது.

ஐகானின் இடம் தெளிவாயிற்று. அதை வரையும் முறை அடுத்த வாரத்துக்குச் செல்கிறது. பெரிய படத்தை 16-க்கு 16 கட்டங்களுக்குள் சுருக்கினால் ஏன் அது கறையாகிறது, 256 புள்ளிகளில் ஒரு முகத்தை எழுதுவது எப்படி என்பவை அங்கே விரிவாகச் சொல்லப்படும். அதுவரை, சொந்தச் செயலியை ஒற்றைக் கோப்பாக்கும் வாசகர்கள் ஒரு வரிசையை மட்டும் மனத்தில் கொண்டால் போதும்: ஐகான் முதலில், பொதி அடுத்து, முத்திரை கடைசியில்.