தாள் அச்சும் தையல் விரிப்பும்

பழைய சேலைகளை அடுக்கித் தைத்து விரிப்பாக்கும் வழக்கம் நம் இல்லங்களுக்குப் புதிதன்று. வங்காளத்தில் இவ்வகைத் தையலைக் காந்தா என்றும், பீகாரில் சுஜனி என்றும் வழங்குவர். இதனை விற்பனைக்குச் செய்ய விரும்பும் மகளிர் ஒன்றை மனத்திற்கொள்ள வேண்டும். பல நாள் உழைத்துத் தைத்த விரிப்பும், கோணிய ஒரு வரியாலோ போகாத ஒரு கறையாலோ மதிப்பிழந்துவிடும். இந்நட்டத்தைத் தடுக்க வல்லது தாளில் வெட்டிய அச்சேயாகும்.

வடசென்னை, துணித் தொழிலில் பழமை வாய்ந்த பகுதி. 1717 முதல் 1720 வரை சென்னையில் ஆளுநராக இருந்த ஜோசப் காலெட் காலத்தில் திருவொற்றியூரில் நெசவாளர்க்கென அமைந்த குடியிருப்பே காலடிப்பேட்டை. ராயபுரத்தை அடுத்த வண்ணாரப்பேட்டையில் உள்ள எம்.சி. சாலை இன்றும் துணிக்கடைகளுக்குப் பெயர்பெற்றது. ஆதலின், தையற்கடைகளில் எஞ்சும் வெட்டுத்துணி ராயபுரத்து மகளிர்க்குக் கைக்கெட்டிய மூலப்பொருளாகும். கிராமங்களில் பழைய பருத்திச் சேலைகளே போதும்.

அச்சுச் செய்வது எளிது. ஆறு அங்குலச் சதுரமான மெல்லிய தாளை நான்காக மடித்து, கால்பங்கு உருவத்தை மட்டும் வரைந்து வெட்டுக. விரித்தால் நாற்புறமும் ஒத்த பூ கிடைக்கும். அதனைப் பழைய நாட்காட்டி அட்டையில் ஒட்டி, ஓரத்தைச் சீராக நறுக்கிக்கொள்க.

அடுத்தது கணக்கு. 60 அங்குல அகலமும் 90 அங்குல நீளமும் உள்ள விரிப்பில் நாற்புறமும் 3 அங்குலம் கரைக்கு விட்டால், எஞ்சுவது 54-க்கு 84 அங்குலம். ஆறு அங்குல அச்சு அகலத்தில் 9 முறையும் நீளத்தில் 14 முறையும் சரியாக அமையும். ஐந்து அங்குல அச்சாயின் இரு வழியிலும் 4 அங்குலம் மிஞ்சி, பூ பாதியில் அறுபடும்.

புதுத்துணியாயின் முதலில் நனைத்து உலர்த்துக. இல்லையேல் பின்னர்ச் சுருங்கும். பஞ்சு வைக்குமுன்பே மேல்துணியில் கோலத்தைக் குறித்துவிட வேண்டும். அட்டை ஓரமாகத் தையற்காரர் சுண்ணக்கட்டியால் கோடிடலாம். நுண்ணிய கோலமாயின், தாளில் கோட்டின் வழியே ஊசியால் துளையிட்டு, சுண்ணப்பொடியைத் துணிமுடிச்சில் கட்டி அதன்மேல் மெல்லத் தட்டுக. ஆரி வேலை செய்வோர் பொடியை மண்ணெண்ணெயில் குழைத்துத் தேய்ப்பர். பஞ்சு விரிப்புக்கு உலர்ந்த பொடியே ஏற்றது. எதனால் குறித்தாலும், ஒரு வெட்டுத்துண்டில் இட்டுத் துவைத்துப் பார்த்த பின்னரே பயன்படுத்துக. கோடு நீங்குமுன் இஸ்திரி இடலாகாது.

பின்னர் அடித்துணி, பஞ்சு, மேல்துணி மூன்றையும் அடுக்கி, நீண்ட தற்காலிகத் தையலால் பிணைக்க வேண்டும். நடுவிலிருந்து தொடங்கி ஓரம் நோக்கித் தைத்தால் சுருக்கம் உள்ளே சிக்காது.

1989-இல் தருமபுரியில் தொடங்கிய மகளிர் சுய உதவிக் குழு இயக்கம் இன்று மாநிலமெங்கும் பரவியுள்ளது. ஊராட்சி உறுப்பினர்கள் தம் ஊர்க் குழுவிற்கு ஓர் அகன்ற மேசையும், பொதுவான அட்டை அச்சுத் தொகுதி ஒன்றும் கிடைக்கச் செய்ய வேண்டுகிறோம். பத்துப் பேர் தைத்த விரிப்புகளும் ஒரே கை தைத்தனபோல் அமைந்தால்தான், வாங்குவோர் மறுமுறையும் நாடி வருவர்.