எங்கே போனது மசூதி?

ஹைதராபாத் பேகம்பேட்டில் ஸ்பானிஷ் மசூதி என்று ஒன்று இருக்கிறது. பைகா வம்சத்து விகார்-உல்-உம்ரா, ஸ்பெயினில் பார்த்த கட்டடங்களில் மயங்கி, அதே பாணியில் கட்டத் தொடங்கினார். அவர் காலத்துக்குப் பிறகு 1906-ல்தான் வேலை முடிந்தது. வழக்கமான மினார்களுக்குப் பதிலாக ஊசி ஊசியாகக் கோபுரங்கள். அதன் முன் ஒருவரை நிறுத்தி, 85 எம்.எம். லென்ஸை எஃப் 1.8-ல் திறந்து, 2 மீட்டர் தள்ளி நின்று எடுத்துப் பாருங்கள். ஃபுல் ஃப்ரேம் கேமராவில் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் ஆழம்தான் ஷார்ப்பாக விழும். கண் பளிச்சென்று இருக்கும். காது கரையத் தொடங்கிவிடும். மசூதி? வெளிறிய தீற்றல். படத்தை வைத்து அது பேகம்பேட்டா பெரம்பூரா என்று சொல்ல முடியாது.

'பேக்ரவுண்ட் பிளர் சூப்பர்' என்று பாராட்டும் கிடைக்கும். லென்ஸுக்குக் கொட்டிய காசு தெரிய வேண்டாமா!

பேகம்பேட்டை ஒட்டிய செகந்திராபாத்தில் 1886-ல் ஸ்டூடியோ திறந்தவர் ராஜா தீன் தயாள். மீரட் பக்கம் சர்தானாவில் பிறந்து, ரூர்க்கியில் பொறியியல் படித்து, இந்தூரில் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். பிறகு ஆறாம் நிஜாமின் அரசவைப் புகைப்படக்காரர். அவர் எடுத்ததெல்லாம் பெரிய கண்ணாடித் தகடுகளில். தகடு பெரிதானால் லென்ஸின் குவியத் தூரமும் நீளும், மங்கல் கேட்காமலே வந்து சேரும். அதைத் தடுக்க லென்ஸ் துளையைச் சுருக்க வேண்டும். துளை சுருங்கினால் எக்ஸ்போஷர் நீளும், நிற்பவர் மூச்சைப் பிடித்து அசையாமல் நிற்க வேண்டும். இன்று நாம் காசு கொடுத்து வாங்கும் மங்கலோடு அவர் தினமும் மல்லுக்கட்டினார். பஷீர் பாக் அரண்மனையின் விருந்துக் கூடத்தையும் அப்படித்தான் படமெடுத்தார். அந்த அரண்மனையை இடித்தாகிவிட்டது. கூடம் எப்படி இருந்தது என்பதற்கு இன்று அந்தப் படம் சாட்சி. அவருடைய 2,857 கண்ணாடி நெகட்டிவ்களை 1989-ல் டெல்லியின் இந்திரா காந்தி தேசியக் கலை மையம் வாங்கிப் பாதுகாக்கிறது.

மங்கல் என்றாலே மட்டம் என்று சொல்ல வரவில்லை. கல்கத்தாவில் பிறந்த ஜூலியா மார்கரெட் கேமரன் 1860-களில், இங்கிலாந்தில், குவியத்தைத் தளர்த்தியே முகங்களை எடுத்தார். ஃபோகஸ் தெரியாதவர் என்று கேலி செய்தார்கள். கடைசிக் காலத்தில் இலங்கைக்கு வந்து தோட்டத் தொழிலாளர்களையும் படமெடுத்தார், அடக்கமானது பொகவந்தலாவையில். ஆனால் அவர் தளர்த்தியது முகத்தின் மீதே. ஊரை மறைப்பதற்காக அல்ல.

செல்போனின் போர்ட்ரெய்ட் மோட் வேறு ரகம். சென்சார் சிறியது என்பதால் அதில் பெரும்பாலும் எல்லாமே ஷார்ப்பாக விழும். மென்பொருள்தான் ஆளைக் கத்தரித்து, மிச்சத்தை மெழுகிவிடுகிறது. திருட்டு வளையக் கம்மலில் மாட்டும்: வளையத்துக்குள் தெரியும் சுவர் மட்டும் சில சமயம் மங்காமல் நிற்கும்.

பின்னால் குப்பைத் தொட்டியும் கட்சி பேனரும் கேபிள் வயரும்தான் என்றால் தாராளமாக மங்கலாக்குங்கள். ஸ்பானிஷ் மசூதியில் வேண்டாம். தொழுகை நேரம் தவிர்த்து, அனுமதி கேட்டு, 35 எம்.எம். லென்ஸில் எஃப் 8 வைத்து 5 மீட்டரில் ஃபோகஸ் செய்யுங்கள். இரண்டரை மீட்டர் தொடங்கிக் கண்ணுக்கெட்டிய தூரம்வரை தெளிவாக விழும். ஆளைக் கொஞ்சம் ஓரமாக நிற்கச் சொல்லுங்கள், கோபுரத்தை மறைக்கிறார்.