அரை சென்டிமீட்டர் பிசகும் ஊட்டச்சத்துக் கணக்கும்

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் 2019–21இல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 35.5 சதவீதம், தமிழ்நாட்டில் 25 சதவீதம். திட்டங்களுக்கும் நிதி ஒதுக்கீட்டுக்கும் அடிப்படையாகும் இத்தகைய எண்கள், களப்பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று, அழுது திமிறும் குழந்தைகளைப் பிடித்து எடுக்கும் அளவுகளிலிருந்தே பிறக்கின்றன என்பதால், அளவின் தரமே ஆய்வு முடிவின் தரத்தைத் தீர்மானிக்கிறது.

இரண்டு வயது நிரம்பாத குழந்தையை அளவுப் பலகையில் படுக்க வைத்தும், அதற்கு மேற்பட்ட குழந்தையை நிற்க வைத்தும் அளக்க வேண்டும் என்பது விதி. ஒரே குழந்தையைப் படுக்க வைத்து அளந்தால், நிற்க வைத்து அளப்பதைவிடச் சுமார் 7 மில்லிமீட்டர் கூடுதலாக வரும். ஒரு வயது ஆண் குழந்தையின் நீளம் 71 சென்டிமீட்டருக்குக் குறைந்தால் அது வளர்ச்சி குன்றியதாகக் கணக்கிடப்படுகிறது. உண்மையில் 71.3 சென்டிமீட்டர் நீளமுள்ள குழந்தையின் முழங்காலை அழுத்திப் பிடிக்கத் தவறி, கால் சற்றே மடங்கிய நிலையில் 70.8 என்று எழுதிவிட்டால், அக்குழந்தை ஏட்டில் வளர்ச்சி குன்றியதாகிவிடுகிறது.

சிலருக்குக் கூடியும் சிலருக்குக் குறைந்தும் நேரும் பிழைகள் ஒன்றையொன்று ஈடுசெய்துவிடும் என்ற எண்ணம் சராசரிக்குப் பொருந்துமே தவிர, சதவீதத்துக்குப் பொருந்தாது. ஒரு குழந்தையின் உயரம் அதன் வயதுக்குரிய நடு உயரத்திலிருந்து எத்தனை திட்ட விலக்கம், அதாவது பரவலின் அலகு, தள்ளியிருக்கிறது என்பதைக் காட்டும் எண் இசட் மதிப்பு எனப்படும். அது −2க்குக் கீழே போனால் வளர்ச்சிக் குறைவு. ஒரு வட்டாரத்துக் குழந்தைகளின் சராசரி −1 ஆகவும் பரவல் 1 ஆகவும் இருந்தால், அந்த எல்லைக்குக் கீழே ஏறத்தாழ 16 சதவீதம் பேர் இருப்பார்கள். தாறுமாறான அளவுப் பிழையால் பரவல் 1.3 ஆக விரிந்தால், சராசரி அசையாமலேயே அது 22 சதவீதமாகிவிடும்.

வயதைப் பதிவதிலும் இதே ஆபத்து உண்டு. உயரத்தைச் சரியாக அளந்தும் பிறந்த தேதி இரண்டு மாதம் தவறினால் இசட் மதிப்பு தவறிவிடுமாகையால், பிறப்புச் சான்றிதழோ தடுப்பூசி அட்டையோ இல்லாத வீட்டில், பொங்கலுக்கு முன்பா பின்பா, ஆடித் திருவிழாவின்போது எத்தனை மாதக் குழந்தை என உள்ளூர் நிகழ்வுகளைச் சொல்லிக் கேட்டுப் பிறந்த மாதத்தைக் கண்டறிவது வழக்கம்.

இன்று உலகெங்கும் பயன்படும் வளர்ச்சி அளவுகோல்களை 2006இல் வெளியிட்ட உலக சுகாதார நிறுவனம், அவற்றுக்காக 1997 முதல் 2003 வரை தெற்கு டெல்லி உட்பட ஆறு நாடுகளின் இடங்களில் நடத்திய ஆய்வில் பின்பற்றிய முறை இத்துறைக்கு முன்மாதிரியாக நிற்கிறது. ஒவ்வொரு குழந்தையையும் இருவர் தனித்தனியே அளந்து, பின்னர் ஒப்பிட்டு, எடையில் 100 கிராமுக்கு மேலோ நீளத்தில் 7 மில்லிமீட்டருக்கு மேலோ வேறுபாடு கண்டால் இருவருமே மீண்டும் அளந்தனர். குறித்த இடைவெளிகளில் அவர்களின் அளவுகள் தேர்ந்த பயிற்சியாளரின் அளவுகளோடு ஒப்பிடப்பட்டன.

களத்திலிருந்து வந்து சேர்ந்த ஏடுகளையும் சோதிக்க முடியும். மில்லிமீட்டர் வரை எழுதிய அளவுகளின் கடைசி இலக்கம் 0, 5 ஆகிய இரண்டிலும் சேர்ந்து சுமார் 20 சதவீதமே முடிய வேண்டும். பாதிக்கு மேல் அப்படி முடிந்திருந்தால் அளவுநாடாவைக் கூர்ந்து பாராமல் முழுமைப்படுத்தி எழுதியிருக்கிறார்கள் என்று பொருள். அதற்கு மாறாக, இருவர் எடுத்த அளவுகள் ஒவ்வொரு குழந்தைக்கும் மில்லிமீட்டர் பிசகாமல் ஒத்துப்போகும் ஏடும் நம்பத்தக்கதன்று; திமிறும் குழந்தையை இருவர் தனித்தனியே அளந்தால் சிறு வேறுபாடு வந்தே தீரும் என்பதால், அத்தகைய ஏட்டுக்குரிய வீடுகளுக்கே மேற்பார்வையாளர் முதலில் அளவுப் பலகையோடு திரும்பச் செல்ல வேண்டியிருக்கிறது.