பழைய கொதிகலமும் ஒட்டுத் தகடும்

நெல் அவித்தற்கும், சாயத் தொட்டிகளைச் சூடேற்றுதற்கும், மின்சாரம் பிறப்பித்தற்கும் நீராவி பயன்படுதலை யாவரும் அறிவர். அவ்வாவியைப் பிறப்பிக்குங் கலத்தை நூலோர் கொதிகலம் என்பர். ஆலைத் தொழிலாளரோ பாய்லர் என்றே வழங்குவர். (தமிழ் பயில்வோனாயினும், பின்னைய சொல்லே வேலை செய்வோர் நாவில் உலவுகின்றதென்பதை யான் மறுக்கேன்.) இக்கலம் முதுமையுற்ற காலத்தும், முறையறியாது மாற்றப்பட்ட காலத்தும் விளையுங் கேட்டினை ஈண்டு விளக்கப் புகுகின்றேன்.

திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியசு வெப்பத்திற் கொதிக்கும். மூடிய கலத்தில் ஆவியின் அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 100 இராத்தலாகுமேல், அந்நீர் ஏறத்தாழ 170 பாகை வரை வெப்பமேறியும் நீராகவே அடங்கிக் கிடக்கும். கலம் பிளந்த அக்கணமே அழுத்தம் நீங்க, நீரின் ஒரு பகுதி ஒருங்கே ஆவியாகும். ஒரு படி நீர் ஆவியானால் அதற்கு 1,600 படிக்கு மேற்பட்ட இடம் வேண்டும். ஆகவே கலத்தின் மேற்பாகத்து ஆவி மட்டுமன்று, அடியிற்கிடக்கும் நீரே வெடிமருந்தாகின்றது.

மிகுந்த ஆவியை வெளிப்போக்கக் காப்பு வால்வு என்னும் உறுப்பு உண்டு. அதனை அடைப்பதே மாற்றங்களுள் மிகக் கொடியது. அமெரிக்காவில், 'சார்லஸ்டனின் உற்ற நண்பன்' எனப் பெயர் பெற்ற இரயில் எஞ்சின் 1831 ஜூன் 17இல் வெடித்தது. ஆவி சீறும் ஓசையைப் பொறாத நெருப்பிடுவோன் அவ்வால்வை அழுத்தி அடைத்தமையே காரணம் என்பர். அவனும் மாண்டான்.

1865 ஏப்ரல் 27இல், மிசிசிப்பி ஆற்றில், மெம்பிஸ் நகருக்கருகே சுல்தானா என்னும் கப்பல் வெடித்து எரிந்தது. உள்நாட்டுப் போர் முடிந்து, சிறை நீங்கி வீடு திரும்பிய வீரர் அதில் நெருங்கியிருந்தனர். இறந்தோர் ஆயிரத்தின் மேலாவர். சின்னாட்களுக்கு முன் விக்ஸ்பர்க் துறையில் அதன் கொதிகலமொன்றிற் புடைத்திருந்த தகட்டை முற்றும் மாற்றாது, பழைய தகட்டினும் மெல்லியதோர் ஒட்டினைப் பொருத்தியிருந்தனர். அளவிறந்த சுமை முதலிய பிற காரணங்களையும் ஆராய்ந்தோர் கூறுவர்.

முதுமையாற் கெடுதல் இவற்றினும் நுட்பமானது. நீரிலுள்ள உப்புகள் உட்புறம் படிந்து ஓடாக இறுகின், வெப்பம் நீருக்குச் செல்லாது தகட்டிலே தங்க, தகடு பழுத்து வலியிழக்கும். துரு ஒருபுறம் அரிக்கும். இவற்றைக் கண்ணாற் காணலாம், காணவொண்ணாததும் ஒன்றுண்டு. பழங்கலங்களில் ஒரு தகட்டின் விளிம்பை மற்றொன்றின்மேல் ஏற்றி ரிவெட்டாணி அடித்து இணைப்பர். அவ்வாறு இணைத்த கலம் செவ்விய வட்டமாகாது. அழுத்தம் ஏறுந்தோறும் அஃது அதனை வட்டமாக்க முயல, பொருத்துச் சிறிதே வளையும்; இறங்குந்தோறும் மீளும். கம்பியைப் பன்முறை வளைத்து ஒடிப்பது போல்வதே இது. பிளவு தொடங்குமிடமோ மேல்தகட்டின் மறைவில். சோதிப்போர் கண்ணுக்கு அது புலனாகாது.

மாசசூசெட்ஸ் மாகாணத்துப் பிராக்டன் நகரில், 1905 மார்ச் 20 காலையில், ஒரு செருப்புத் தொழிற்சாலையின் கொதிகலம் இவ்வாறு பொருத்திற் பிளந்தது. புதிய கலம் பழுது பார்க்கப்பட, அன்று வேலை செய்தது பழைய கலமே. அது கூரையைத் துளைத்துப் பறந்தது. மரத்தாலாகிய நான்கு மாடிக் கட்டடம் சரிந்து தீப்பற்ற, ஐம்பத்தெண்மர் இறந்தனர். 1907இல் அம்மாகாணம் கொதிகலத்திற்கு விதிகள் வகுத்தது. அமெரிக்க இயந்திரப் பொறியாளர் சங்கமும் 1914ஆம் ஆண்டுத் தொகுப்பால் நாடு தழுவிய நெறி கண்டது. விளிம்புகளை நேருக்கு நேர் சேர்த்து, பட்டைத் தகடுகளால் இருபுறமும் இறுக்கும் பொருத்தே பின்னர்ப் பெருகிற்று.

கலத்தைக் குளிர்ந்த நீரால் நிரப்பி, வேலையழுத்தத்தின் மிகுதியாக அழுத்திப் பார்ப்பது வழக்கமான சோதனை. குளிர்நீர் பெரிதும் சுருங்காதாகலின், கலம் பிளப்பினும் நீர் கசியுமேயன்றி வெடிக்காது. ஆயினும் இன்று தேறிய கலத்தின் பிளவு நாளை வளரலாம். ஆதலின் சோதனை காலந்தோறும் வேண்டற்பாலது. இந்தியாவில் 1923இல் இயற்றப்பெற்ற கொதிகலச் சட்டமும் பதிவையும் சோதனையையும் விதித்ததுடன், தலைமைக் கண்காணிப்பாளரின் எழுத்துமூல இசைவின்றிக் கலத்தின் அமைப்பில் மாற்றமோ சேர்க்கையோ செய்தலாகாதெனத் தடுத்தது.